சிங்கப்பூரும் துபாயும் ஒரே தூரம்! டிக்கெட்டில் மட்டும் 4 மணி நேர வித்தியாசம் ஏன்?

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பயணிகள் ஏமாறாமல் இருக்க ஒரு கணக்கு

சென்னையில் இருந்து கிழக்கே பறந்தால் சிங்கப்பூர். மேற்கே பறந்தால் துபாய். இரண்டில் எது பக்கம்?

அம்பத்தூர் தொழிற்பேட்டை டீக்கடையில் இந்தக் கேள்வியைப் போட்டால் பதில் உடனே வரும். "துபாய்தாண்ணே பக்கம். ரெண்டரை மணி நேரத்துல போய் இறங்கிடலாம். சிங்கப்பூர்னா ஆறரை மணி நேரம் ஆவுது. டிக்கெட்டுலயே போட்டிருக்கானே!"

டிக்கெட்டில் அப்படித்தான் போட்டிருக்கிறது. ஆனால் பதில் தப்பு!

மீனம்பாக்கத்தில் இருந்து சிங்கப்பூர் விமான நிலையம் சுமார் 2,900 கிலோ மீட்டர். துபாய் விமான நிலையமும் சுமார் 2,900 கிலோ மீட்டர்தான். பறக்கும் நேரமும் ஏறக்குறைய ஒன்றே. இரண்டுக்கும் சுமார் 4 மணி நேரம்.

அப்படியானால் டிக்கெட்டில் ஏன் இந்த வித்தியாசம்? இது தெரியாமல் விமானத்தைக் கோட்டை விடுகிறவர்களும் உண்டு. வீட்டில் உட்கார்ந்து "இன்னும் போன் வரலையே" என்று கலங்கும் தாய்மார்களும் உண்டு.

கடிகாரம் காட்டும் வேடிக்கை

விமான டிக்கெட்டில் இரண்டு நேரம் இருக்கும். ஒன்று புறப்படும் நேரம். மற்றொன்று போய்ச் சேரும் நேரம். புறப்படும் நேரம் சென்னைக் கடிகாரப்படி. போய்ச் சேரும் நேரம் அந்த ஊர்க் கடிகாரப்படி. இரண்டும் வெவ்வேறு கடிகாரங்கள். ஒன்றில் இருந்து ஒன்றைக் கழித்தால் பயண நேரம் வராது!

சிங்கப்பூர்க் கடிகாரம் நம் நாட்டுக் கடிகாரத்துக்கு இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. துபாய்க் கடிகாரம் ஒன்றரை மணி பின்னால் ஓடுகிறது.

ஒருவர் சென்னையில் காலை 10 மணிக்கு சிங்கப்பூர் விமானம் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 மணி நேரம் பறந்தால் அவர் கைக்கடிகாரத்தில் பிற்பகல் 2 மணி. ஆனால் சிங்கப்பூர் விமான நிலையச் சுவரில் மாலை 4-30 மணி! டிக்கெட்டில் 10-00, 16-30 என்று இருக்கும். பார்ப்பவருக்கு ஆறரை மணி நேரம்.

அதே காலை 10 மணிக்கு அவர் மைத்துனர் துபாய் விமானம் ஏறுகிறார். அவருக்கும் 4 மணி நேரம்தான். இறங்கும்போது துபாய்ச் சுவரில் பகல் 12-30. பார்ப்பவருக்கு இரண்டரை மணி நேரம்!

திரும்பி வரும்போது இது அப்படியே தலைகீழ். சிங்கப்பூரில் காலை 10 மணிக்கு ஏறுகிறவர் சென்னையில் பகல் 11-30 மணிக்கே இறங்கிவிடுவார். ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிட்டது போல் தோன்றும். துபாயில் காலை 10 மணிக்கு ஏறுகிறவருக்கு சென்னையில் பிற்பகல் 3-30. அவருக்கு ஐந்தரை மணி நேரம் ஆனது போல் தெரியும். இருவரும் வானத்தில் இருந்தது அதே 4 மணி நேரம்தான்.

பாக்கெட்டில் வைக்க ஒரு கணக்கு

எந்த ஊருக்குப் போனாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான். போய்ச் சேரும் நேரத்தை முதலில் இந்திய நேரமாக மாற்ற வேண்டும். அப்புறம்தான் கழிக்க வேண்டும்.

சிங்கப்பூர், மலேசியா: டிக்கெட்டில் உள்ள நேரத்தில் இருந்து இரண்டரை மணியைக் குறைக்க வேண்டும்.

துபாய், அபுதாபி, சார்ஜா, மஸ்கட்: ஒன்றரை மணியைக் கூட்ட வேண்டும்.

சவுதி, குவைத், கத்தார், பக்ரைன்: இரண்டரை மணியைக் கூட்ட வேண்டும்.

இலங்கை: கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். 2006 ஏப்ரலில் இருந்து கொழும்புக் கடிகாரமும் சென்னைக் கடிகாரமும் ஒன்றுதான்.

லண்டன்: இதில்தான் சிக்கல். கோடையில் நாலரை மணியும், குளிர்காலத்தில் ஐந்தரை மணியும் கூட்ட வேண்டும். மார்ச் மாதக் கடைசி ஞாயிறும், அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறும் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றி வைப்பார்கள்.

இந்த வித்தியாசங்கள் கல்லில் எழுதியவை அல்ல. சிங்கப்பூர் ஒரு காலத்தில் நமக்கு இரண்டு மணி நேரம் மட்டுமே முன்னால் இருந்தது. 1982 ஜனவரி 1-ந்தேதி முதல் கடிகாரத்தை அரை மணி தள்ளி வைத்தார்கள். அன்று முதல்தான் இரண்டரை மணி.

மெட்ராசுக்கு என்றே ஒரு நேரம்

ஊருக்கு ஊர் நேரம் மாறுவது வெளிநாட்டுச் சங்கதி மட்டும் அல்ல. சென்னைக்கே தனி நேரம் இருந்தது!

நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி 1792-ம் ஆண்டு ஒரு வானாய்வுக் கூடம் கட்டியது. சூரியனையும் நட்சத்திரங்களையும் பார்த்து அங்கே நேரம் கணித்தார்கள். அதற்கு 'மெட்ராஸ் நேரம்' என்று பெயர். லண்டன் கிரீன்விச் நேரத்துக்கு 5 மணி 21 நிமிடம் முன்னால். பம்பாய் நேரமோ 4 மணி 51 நிமிடம். ஒரே நாட்டுக்குள் சென்னைக்கும் பம்பாய்க்கும் அரை மணி வித்தியாசம்!

ரெயில் ஓடத் தொடங்கியதும் இது பெரிய தலைவலி ஆயிற்று. பல ஊர் ரெயில்களுக்கும் பொதுவாக ஒரு நேரம் வேண்டும் அல்லவா? ரெயில்வேக்காரர்கள் மெட்ராஸ் நேரத்தையே எடுத்துக்கொண்டார்கள். நுங்கம்பாக்கத்துக் கடிகாரம் வட இந்திய ரெயில் நிலையங்களிலும் ஆட்சி செய்தது.

1906 ஜனவரி 1-ந்தேதிதான் இப்போதுள்ள இந்திய நேரம் வந்தது. கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னால். இன்றைக்கும் சென்னையில் சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரத்தின் 12 மணிக்கு அல்ல. சராசரியாக 9 நிமிடம் கழித்துத்தான்!

கப்பலில் ஒரு வாரம்

4 மணி நேரம் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். இந்தத் தூரம் ஒரு காலத்தில் என்ன பாடு படுத்தியது என்பது பெரியவர்களுக்குத் தெரியும்.

சிங்கப்பூர் போக 'ரஜூலா' கப்பலைத் தெரியாத குடும்பம் இல்லை என்ற காலம் ஒன்று இருந்தது. 1926-ல் கட்டிய கப்பல் அது. சென்னைத் துறைமுகத்தில் ஏறினால் நாகப்பட்டினம், பினாங்கு வழியாக சிங்கப்பூர். ஒரு வாரம் போல ஆகும். சோற்று மூட்டை, ஊறுகாய் ஜாடி, பாய், தலையணையோடு போவார்கள். 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. பிறகு 'சிதம்பரம்' கப்பல் வந்தது. 1985 பிப்ரவரியில் அதில் தீப்பிடித்தது. அதோடு அந்தக் கப்பல் பயணமும் முடிந்தது.

விமானமும் தொடக்கத்தில் மெதுவாகத்தான் போயிற்று. 1932 அக்டோபர் 15-ந்தேதி ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியில் இருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டி வந்தார். பம்பாயில் இருந்து சென்னைக்கு ஓட்டி வந்தவர் நெவில் வின்சென்ட். வழியில் பல்லாரியில் இறங்கி ராத்திரி தங்கிவிட்டு மறுநாள்தான் சென்னை வந்தார். இன்று பம்பாய்க்கு இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

இன்னொரு வேடிக்கை. இரண்டாம் உலகப் போர் சமயத்தில், 1943-ல் இருந்து 1945 வரை, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கும் இலங்கையில் காலி அருகே கொக்கலை ஏரிக்கும் குவாண்டாஸ் கம்பெனி கடல் விமானம் ஓட்டியது. 5,600 கிலோ மீட்டருக்கு மேல். நடுவில் எங்கும் இறங்காமல் 27 மணி நேரத்தில் இருந்து 32 மணி நேரம் வரை பறந்தது. எதிரி விமானங்களுக்குப் பயந்து ரேடியோவைக்கூட வாய் திறக்க விடவில்லை. ஒரே பயணத்தில் இரண்டு முறை சூரிய உதயம் பார்த்தார்கள். அதனால் அதற்கு 'இரட்டைச் சூரியோதயம்' என்றே பெயர் விழுந்தது!

போக ஒரு நேரம், வர ஒரு நேரம்

கடிகாரக் கணக்கைச் சரியாகப் போட்ட பிறகும் சிலருக்கு ஒரு சந்தேகம் வரும். லண்டன் போனால் கூட நேரம் ஆகிறது, வரும்போது குறைகிறதே! அதே தூரம்தானே?

சென்னையில் இருந்து லண்டன் சுமார் 8,200 கிலோ மீட்டர். தூரம் மாறவில்லை. மாறுவது காற்று!

விமானம் சுமார் 35,000 அடி உயரத்தில் பறக்கிறது. உலகத்தின் வடபாதியில் அந்த உயரத்தில் மேற்கில் இருந்து கிழக்கு நோக்கி ஒரு பெருங்காற்று ஆறு போல ஓடுகிறது. குளிர்காலத்தில் அதன் வேகம் மிக அதிகம். லண்டனில் இருந்து வருகிறவருக்கு அது முதுகில் தள்ளும் காற்று. லண்டன் போகிறவருக்கு முகத்தில் அடிக்கும் எதிர்காற்று. ஆற்றில் நீரோட்டத்தோடு நீந்துவதும், எதிர்த்து நீந்துவதும் ஒன்றாகுமா?

சிங்கப்பூர்ப் பாதை பூமத்திய ரேகைப் பக்கம் இருப்பதால் அங்கே இந்தக் காற்றின் ஆட்டம் குறைவு.

இன்னொரு விஷயம். டிக்கெட்டில் இருப்பது வெறும் பறக்கும் நேரம் அல்ல. விமானம் நிறுத்துமிடத்தில் இருந்து நகர்ந்தது முதல், அந்த ஊரில் நிறுத்துமிடத்தில் நிற்கும் வரை உள்ள நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, இறங்க இடம் கிடைக்காமல் மேலே வட்டமடிப்பது எல்லாம் இதற்குள் அடக்கம்.

படத்தில் நேர்கோடு, வானத்தில் வளைவு

சுவரில் மாட்டிய உலகப் படத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் தூரம் சரியாக வராது. பூமி உருண்டை. படமோ தட்டை. உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழி, தட்டைப் படத்தில் வளைவாகத் தெரியும்.

நம்பிக்கை இல்லாதவர்கள் ஒரு பந்தை எடுத்து இரண்டு புள்ளி வைத்து, நூலை இழுத்துப் பிடித்துப் பார்க்கலாம்.

2021 ஜனவரியில் ஏர் இந்தியா விமானம் ஒன்று அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் இருந்து பெங்களூருக்கு எங்கும் இறங்காமல் வந்தது. நேர்த் தூரம் சுமார் 14,000 கிலோ மீட்டர். விமானிகள் நால்வரும் பெண்கள். அவர்கள் கிழக்கேயும் போகவில்லை, மேற்கேயும் போகவில்லை. வட துருவத்தின் பக்கமாக, உலகத்தின் உச்சந்தலை வழியாக வந்தார்கள்! சுமார் 17 மணி நேரம் ஆயிற்று.

ஆனால் குறுகிய வழி எப்போதும் திறந்திருக்கும் என்று சொல்ல முடியாது. சண்டை வந்தால் வானத்திலும் கதவைச் சாத்திவிடுவார்கள். 2025 ஏப்ரல் 24-ந்தேதி பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. டெல்லியில் இருந்து மேற்கே போன விமானங்கள் சுற்றிக்கொண்டு போக நேர்ந்தது. 2025 ஜூன் 23-ந்தேதி இரவு கத்தாரில் உள்ள அமெரிக்க ராணுவத் தளத்தின் மீது ஈரான் ஏவுகணை வீசியது. கத்தார், துபாய், குவைத், பக்ரைன் பக்கத்து வான்வெளி சில மணி நேரம் மூடப்பட்டது. போய்க்கொண்டிருந்த விமானங்கள் பாதி வழியில் திரும்பின. அன்று ராத்திரி எத்தனை வீடுகளில் விளக்கு அணையாமல் இருந்திருக்கும்!

மிக நீளமான 30 கிலோ மீட்டர்!

சென்னை - துபாய் 2,900 கிலோ மீட்டர். இதைவிடப் பயப்பட வேண்டிய தூரம் ஒன்று உண்டு. அது ஆவடி - மீனம்பாக்கம்!

ஆவடியில் இருந்து விமான நிலையம் சாலை வழியாக சுமார் 30 கிலோ மீட்டர். விமானம் இந்தத் தூரத்தை இரண்டே கால் நிமிடத்தில் கடந்துவிடும். காருக்கோ மாலை நேரத்தில் இரண்டு மணி நேரமும் ஆகும். சி.டி.எச். ரோட்டில் ஒரு நெரிசல். பாடியில் ஒரு நெரிசல். கோயம்பேட்டில் ஒன்று. வடபழனியில் ஒன்று. கத்திப்பாராவில் கடைசி மூச்சு!

பூந்தமல்லிக்காரர்கள் "நமக்குப் பக்கம்தானே" என்று நினைப்பார்கள். போரூர் சந்திப்பில் மாட்டினால் அந்த நினைப்பு பறந்துவிடும். குன்றத்தூர், அனகாபுத்தூர், பம்மல் வழியாகப் பல்லாவரம் வருகிறவர்களும் உண்டு. அதுவும் குறுகலான சாலை.

ஆவடி, அம்பத்தூர், கொரட்டூர், வில்லிவாக்கம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு நம்பகமான வழி ஒன்று இருக்கிறது. மின்சார ரெயிலில் சென்ட்ரல் போய், அங்கிருந்து மெட்ரோ ரெயிலில் நேராக விமான நிலையத்தில் இறங்கலாம். சுற்று வழிதான். ஆனால் ரெயிலுக்குப் போக்குவரத்து நெரிசல் கிடையாது. பெட்டி அதிகம் இல்லாதவர்களுக்கு இதுவே மேல். ராத்திரி 11 மணிக்கு மேல் மட்டும் மெட்ரோவை நம்ப முடியாது.

வெளிநாட்டு விமானத்துக்கு 3 மணி நேரம் முன்பே வரச் சொல்கிறார்கள். பெரும்பாலான கம்பெனிகள் விமானம் கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கும்போதே கவுண்ட்டரை மூடிவிடும். அப்புறம் அழுதாலும் திறக்காது.

இப்போது உண்மையான கணக்கைப் பாருங்கள். வீட்டில் இருந்து விமான நிலையம் 2 மணி. அங்கே காத்திருப்பு 3 மணி. பறப்பது 4 மணி. துபாயில் இமிக்ரேஷன் வரிசை, லக்கேஜ், தங்கும் இடத்துக்கு வண்டி என்று 2 மணி. ஆக மொத்தம் 11 மணி நேரம்! டிக்கெட்டைப் பார்த்து 'ரெண்டரை மணி நேரம்' என்று சொன்னது எங்கே, 11 மணி நேரம் எங்கே?

நள்ளிரவு டிக்கெட் உஷார்!

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து தேதியில் இருக்கிறது. வெளிநாட்டு விமானங்களில் பல நள்ளிரவுக்கு மேல்தான் புறப்படும்.

டிக்கெட்டில் '15-ந்தேதி, 00-40' என்று இருக்கிறது. வீட்டில் எல்லோரும் 15-ந்தேதி ராத்திரி என்று நினைத்துக்கொள்கிறார்கள். 15-ந்தேதி சாயங்காலம் குலதெய்வத்துக்குக் கற்பூரம் ஏற்றி, சொந்தக்காரர்கள் புடைசூழ வேன் பிடித்து மீனம்பாக்கம் போகிறார்கள். வாசலில் நிற்கும் காவலர் டிக்கெட்டைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார். "உங்க பிளைட் நேத்து ராத்திரியே போயிடுச்சேப்பா!"

ராத்திரி 12 மணி அடித்தால் தேதி மாறிவிடும். 15-ந்தேதி 00-40 என்றால் 14-ந்தேதி ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் வரும் 12-40. விமான நிலையத்தில் இருக்க வேண்டியது 14-ந்தேதி இரவு 9-40 மணிக்கு. ஆவடியில் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது 14-ந்தேதி இரவு 7-30 மணிக்கு.

இது சிரித்துவிட்டுப் போகிற தவறு அல்ல. பட்டறையில் வெல்டராகவும் பிட்டராகவும் வேலை பார்த்த பிள்ளைகள் எத்தனையோ பேர் நகையை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கி விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் கட்டுகிறார்கள். விமானம் போய்விட்டால் டிக்கெட் பணம் பெரும்பாலும் போனதுதான். குறிப்பிட்ட நாளில் போய்ச் சேராவிட்டால் வேலைக்கும் ஆபத்து. ஒரு தேதியைத் தப்பாகப் படித்ததற்கு ஒரு குடும்பம் பல மாதம் வட்டி கட்ட வேண்டி வரும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை

வழியனுப்பிவிட்டு வருகிற அப்பா, அம்மா, மனைவி எல்லோரும் செய்கிற தவறு ஒன்று உண்டு. டிக்கெட்டில் 'சேரும் நேரம் 12-30' என்று பார்த்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தில் 12-30 அடித்ததும் போனையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். 1 மணி ஆகும். 2 மணி ஆகும். போன் வராது. நெஞ்சு படபடக்கும். "ஏங்க, டி.வி.யைப் போட்டுப் பாருங்க" என்று குரல் நடுங்கும்.

துபாயில் 12-30 என்றால் இங்கே பிற்பகல் 2 மணி. அதற்கு அப்புறம்தான் வரிசை, பெட்டி, சிம் கார்டு எல்லாம். 3-30 மணிக்குப் போன் வந்தால் அது நேரத்துக்கு வந்த போன்தான்!

டிக்கெட் கைக்கு வந்த அன்றே, வீட்டில் தொங்கும் தினசரி காலண்டரில் மூன்று நேரத்தைக் குறித்து வைப்பது நல்லது. வீட்டை விட்டுக் கிளம்பும் நேரம், கிழமையோடு. விமானம் புறப்படும் நேரம். அங்கே இறங்கும் நேரம், இந்திய நேரப்படி. மூன்றையும் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். எழுதியதை வீட்டில் இன்னொருவர் ஒரு தடவை படித்துச் சரிபார்க்க வேண்டும்.

இதற்கு ஒரு காசு செலவு இல்லை. ஒரு பென்சில் போதும்!